விக்டோரியா காலக் கவிஞர்களின் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901) ஆங்கிலக் கவிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றி, இலக்கியம் படிக்கும் மாணவர்களும் சும்மா ஆர்வத்தில் புரட்டுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளில் முக்கால்வாசி, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு கவிஞர்களான ராபர்ட் பிரௌனிங்–எலிசபெத் பாரெட் கடிதங்களைப் பற்றித்தான் வரும். அதனால் பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எத்தனையோ கவிஞர்கள் இருக்க, ஏன் எல்லோரும் பிரௌனிங்கையே பிடித்துக்கொள்கிறார்கள்?

இரண்டு பக்கமும் கிடைத்திருப்பதால்தான். பொதுவாகக் கவிஞர்களின் கடிதத் தொகுப்பைப் படிப்பது, பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேசுவதை ஒட்டுக்கேட்பது மாதிரி. இவர் சொல்வது காதில் விழும், அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்படி இல்லை. 1845 ஜனவரி 10 முதல் 1846 செப்டம்பர் 18 வரை, இருபது மாதத்தில் இருவரும் எழுதியவற்றில் 573 கடிதங்கள் இருக்கின்றன, முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கடிதம் வரை வரிசையாக. உறைகளில் எண் போட்டு வைத்தவர் ராபர்ட்டேதான். கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் பிரிந்து இருக்கவே இல்லை என்பதால் கடிதமும் அதோடு நின்றுவிட்டது. ஆகவே இதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் தானாகவே அமைந்துவிட்டன, யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு எழுதியதைப் போல.

முதல் கடிதத்தில் அப்படி என்ன எழுதினார்?

"உங்கள் கவிதைகளை முழு மனதோடு நேசிக்கிறேன், அன்புள்ள மிஸ் பாரெட்" என்று ஆரம்பிக்கிறார். சரி, ஒரு வாசகர் கடிதம் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனால், அந்தக் கவிதைகளின் புதிய விநோதமான இசை, சொல்வளம் என்று பாராட்டிவிட்டு, அப்படியே "உங்களையும் நேசிக்கிறேன்" என்று போட்டுவிடுகிறார். நேரில் பார்த்ததே இல்லை. அவருக்கு வயது 32, எலிசபெத்துக்கு 38. அன்றைக்கு எலிசபெத்தான் பெரிய பெயர். ராபர்ட்டின் புத்தகங்கள் புரியவில்லை என்று விமர்சகர்கள் அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. அதில் எலிசபெத் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த "உங்களையும்" என்பதைக் கண்டுகொள்ளவே இல்லை. நன்றி சொல்லிவிட்டு, என் கவிதைகளில் என்ன குறை தெரிகிறது, சொல்லுங்கள் என்று கேட்கிறார்.

முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதத் துணிந்தார்?

முழுக்கத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஜான் கென்யன் என்று ஒருவர், எலிசபெத்துக்கு ஒருவகையில் உறவு, ராபர்ட்டின் தந்தையோடு பள்ளியில் படித்தவர். இவர்தான் இடையில் இருந்த ஆள். அதோடு எலிசபெத் 1844-இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு நீண்ட கவிதைக்குள் ராபர்ட்டின் பெயரையே வைத்திருந்தார். ராபர்ட் அப்போது 'மணிகளும் மாதுளைகளும்' என்ற தலைப்பில் சிறு சிறு வெளியீடுகளாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அந்த மாதுளையை நடுவில் ஆழமாக வெட்டினால் உள்ளே இரத்தம் தோய்ந்த மனித இதயம் தெரியும் என்று எலிசபெத் எழுதியிருந்தார். யாருமே சீந்தாத காலத்தில் ஒருவர் இப்படி எழுதினால் எந்தக் கவிஞன்தான் பேனாவை எடுக்காமல் இருப்பான்?

ஒரே லண்டனில் இருந்துகொண்டு நேரில் பார்க்க ஐந்து மாதமா?

எலிசபெத் பல ஆண்டுகளாக நோயாளி. விம்போல் தெரு 50-ஆம் எண் வீட்டில் தன் அறையை விட்டு அதிகம் வெளியே வராதவர். குளிர்காலத்தில் யாரையும் பார்ப்பதில்லை, வெயில் வரட்டும் என்று தள்ளிப்போட்டார். நோய் ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம் என்று கடிதங்களைப் படித்தால் தெரியும். எழுத்தில் பார்த்த ஆளை நேரில் பார்த்தால் ராபர்ட்டுக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்ற பயம். கடைசியில் 1845 மே 20, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு ராபர்ட் போனார், நாலரை மணிக்குக் கிளம்பினார். நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், சந்தித்துவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் எலிசபெத்தின் கடித உறையின்மேல் ராபர்ட் குறித்துவைத்திருக்கிறார். மொத்தம் 91 சந்திப்புகள்.

ஒரு கடிதம் மட்டும் இல்லை என்கிறார்களே?

ஆமாம். முதல் சந்திப்பு முடிந்த கையோடு ராபர்ட் எழுதியது. நேரடியாகக் காதலைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எலிசபெத் திடுக்கிட்டு, இனி இப்படி எழுதினால் உங்களைப் பார்க்கவே முடியாது என்று பதில் போட்டார். ராபர்ட் உடனே, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள், நான் சொல்லவந்தது வேறு என்று சமாளித்து, கடிதத்தைத் திருப்பி வாங்கி எரித்துவிட்டார். அந்தச் சமாளிப்புக் கடிதம் இருக்கிறது. பெரிய கவிஞர் எழுதிய மிக மோசமான உரைநடை என்று அதைச் சொல்வேன். பொய் சொல்லும்போது ராபர்ட்டின் வாக்கியம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

எல்லாம் வெறும் காதல் உருகல்தானா?

இந்த நினைப்பில்தான் பலரும் எடுத்துப் படிப்பதில்லை. பத்துப் பக்கம் படித்தால் மாறிவிடும். உள்ளே நடப்பது பெரும்பாலும் தொழில் பேச்சு. இரண்டு எழுத்தாளர்கள் ஒருவர் மொழியை ஒருவர் கேட்டுப் பழகுகிறார்கள், காதல் அதற்குள்ளிருந்துதான் வருகிறது.

ராபர்ட் தன் கையெழுத்துப் பிரதிகளை அனுப்புவார். எலிசபெத் வரி வரியாகப் படித்து, இந்த இடத்தில் ஓசை தட்டுகிறது, இந்த வரி புரியவில்லை, இங்கே ஒரு சொல் சேர்த்தால் போதும் என்று தனித்தாளில் குறித்து அனுப்புவார். 1845 நவம்பரில் வந்த தன் தொகுப்பில் அந்தத் திருத்தங்கள் பலவற்றை ராபர்ட் ஏற்றிருக்கிறார். 'மணிகளும் மாதுளைகளும்' என்றால் என்ன என்று யாருக்கும் புரியவில்லை, ஒரு விளக்கமாவது போடுங்கள் என்று எலிசபெத் விடாமல் கேட்டதால்தான் கடைசி வெளியீட்டில் ராபர்ட் விளக்கக் குறிப்பு சேர்த்தார். இன்றைக்கும் எல்லா எழுத்தாளருக்கும் இப்படி ஒரு வாசகர் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பதிலுக்கு எலிசபெத் தான் செய்ய நினைப்பதைச் சொல்வார். 1845 பிப்ரவரிக் கடிதம் ஒன்றில், நாவல் மாதிரி ஒரு நீண்ட கவிதை எழுதப்போகிறேன், பழங்கதைக்குள் போகாமல் நேராக இன்றைய வீட்டுக் கூடத்துக்குள் நுழையும் கவிதை என்கிறார். அது 1856-இல் 'அரோரா லீ' என்று வெளிவந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பே அந்தக் கருவை, நேரில் பார்த்திராத ஒருவருக்குக் கடிதத்தில் சொல்லிவைத்திருக்கிறார்.

ராபர்ட்டின் இரண்டாவது கடிதத்தில் வரும் ஒரு வரியையும் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் உங்கள் குரலில் பேசுகிறீர்கள், நானோ ஆண்களையும் பெண்களையும் பேச வைக்கிறேன், அவ்வளவுதான் என்கிறார். அவரைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை யாரும் எழுதவில்லை. பத்து வருடம் கழித்து வந்த அவருடைய சிறந்த தொகுப்புக்குத் தலைப்பே 'ஆண்களும் பெண்களும்'.

அப்புறம் துக்கமும் இருக்கிறது. எலிசபெத்தின் தம்பி எட்வர்ட் 1840-இல் டார்க்கீ அருகே கடலில் படகோடு மூழ்கிப் போனார். அக்காவுக்குத் துணையாகத்தான் அங்கே தங்கியிருந்தார். தன்னால்தான் இப்படி ஆயிற்று என்ற எண்ணம் எலிசபெத்தை விடவே இல்லை. அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. 1845 ஆகஸ்டில் ராபர்ட்டுக்கு எழுதுகிறார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு இருவர் பேச்சின் தொனியும் வேறாகிவிடுகிறது.

நாயைப் பற்றி ஏதோ சண்டையாமே?

ஃப்ளஷ். எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்ட் கொடுத்த ஸ்பேனியல் நாய். பணக்காரர் வீட்டு நாயைத் திருடிப் பணம் கேட்பது அன்றைய லண்டனில் ஒரு தொழில். ஃப்ளஷ் மூன்று முறை திருடுபோனது, மூன்றாவது முறை 1846 செப்டம்பர் ஆரம்பத்தில், அதாவது கல்யாணத்துக்குப் பதினோரு நாள் முன்பு! திருடனுக்குப் பணம் கொடுப்பது அநியாயத்துக்குத் துணைபோவது, நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன் என்று ராபர்ட் நியாயம் பேசிக் கடிதம் எழுதினார். எலிசபெத் கேட்டார்: இத்தாலியில் கொள்ளைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பணம் கேட்டால் அப்போதும் இதைத்தான் சொல்வீர்களா? அதோடு நிற்கவில்லை. வருடக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்த இந்தப் பெண், பணிப்பெண் வில்சனைக் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, திருடர்கள் இருந்த சேரிக்கே போய்விட்டார். கடைசியில் ஆறு கினி கொடுத்து நாய் வீடு வந்தது. கல்யாணத்துக்கு முன் நடந்த ஒரே பெரிய சண்டை இதுதான், ஜெயித்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரே நாளில் இரண்டு கடிதம் எல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பென்னி தபால். 1840 ஜனவரி 10 அன்று பிரிட்டன் முழுவதும் அரை அவுன்ஸ் வரை ஒரே பென்னி என்று ஆனது. அதற்கு முன்பு தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் தகுந்த மாதிரி கட்டணம், அதையும் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும். ராபர்ட் முதல் கடிதம் எழுதியது சரியாக அந்த மாற்றம் வந்த ஐந்தாம் ஆண்டு நாளில். லண்டனுக்குள் ஒரு நாளில் பல முறை தபால் பட்டுவாடா உண்டு, காலையில் போட்டதற்கு மாலையில் பதில் வந்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இந்தக் கதை இல்லை.

அப்பாவுக்குத் தெரியாமல் எப்படி?

எட்வர்ட் மோல்டன் பாரெட், தன் பிள்ளைகள் யாரும் கல்யாணம் செய்யக்கூடாது என்று இருந்தவர். மகளைக் கவிஞராக வளர்த்ததும் இதே மனிதர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 1846 செப்டம்பர் 12 அன்று செயின்ட் மேரிலபோன் தேவாலயத்தில் கல்யாணம், சாட்சிகள் வில்சனும் ராபர்ட்டின் உறவுக்காரர் ஒருவரும். முடிந்ததும் எலிசபெத் ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் இருந்தார். 19-ஆம் தேதி வில்சன், ஃப்ளஷ் இருவரோடும் கிளம்பினார். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. 1851-இல் ராபர்ட் அவருக்கு எழுதியபோது, மகள் அதுவரை எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரு கட்டாகத் திரும்பி வந்தன, ஒன்றின் முத்திரைகூட உடைக்கப்படாமல். 573 கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்த வீட்டுக்குள் இப்படியும் ஒரு கட்டு வந்து சேர்ந்தது.

'போர்ச்சுகீசிய சானெட்டுகள்' இந்தக் கடிதங்களின் கவிதை வடிவமா?

ஓரளவுக்கு. 44 சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்), கடிதம் எழுதிய அதே காலத்தில் ராபர்ட்டுக்குத் தெரியாமல் எலிசபெத் எழுதியவை. 28-ஆவது சானெட் கடிதங்களைப் பற்றியே பேசுகிறது: செத்துப்போன வெள்ளைத் தாள்கள், ஆனால் கையில் எடுத்தால் உயிரோடு நடுங்குகின்றன என்று தொடங்கி, ஒரு கடிதம் இதைச் சொன்னது, இன்னொன்று அதைச் சொன்னது என்று போகும். 1849-இல்தான் ராபர்ட்டிடம் காட்டினார், 1850-இல் அச்சானது. சொந்த விஷயம் என்று தெரியாமலிருக்க மொழிபெயர்ப்பு போன்ற தலைப்பு.

இதற்கு ஒரு துப்பறியும் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1847-இல் ரெடிங் நகரில் அச்சான அரிய முதல் பதிப்பு என்று ஒன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1934-இல் ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் தாளைச் சோதித்து, அச்செழுத்தைச் சோதித்து, 1847-இல் அப்படிப்பட்ட தாளே கிடையாது என்று நிரூபித்தார்கள். போலியின் பின்னால் இருந்தவர் தாமஸ் வைஸ், அன்றைக்கு மிகவும் மதிக்கப்பட்ட நூல் சேகரிப்பாளர்.

அடுத்தவர் அந்தரங்கக் கடிதத்தை மகன் அச்சிட்டது சரியா?

சுலபமான பதில் கிடையாது. ராபர்ட் தன் மற்றக் கடிதங்களை எல்லாம் அழித்தார், இவற்றை மட்டும் அழிக்கவில்லை. இவை கச்சிதமாக அடங்கும்படி ஒரு வேலைப்பாடுள்ள பெட்டியில் இருந்தன. நான் போன பிறகு உன் இஷ்டப்படி செய்துகொள் என்று அப்பா சொன்னார் என்று மகன் பென் 1899-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது எழுதினார். என் கருத்தில், அழிக்கத் தெரிந்த மனிதர் அழிக்காமல் விட்டதே ஒரு பதில்தான்.

ஆனால் கடிதம் அச்சானால் என்ன ஆகும் என்று ராபர்ட்டுக்கு நன்றாகத் தெரியும். உமர் கய்யாமை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த எட்வர்ட் ஃபிட்ஜெரால்ட், 1861-இல் எலிசபெத் இறந்தபோது, இது எனக்கு நிம்மதிதான், இனி 'அரோரா லீ' எதுவும் வராது, கடவுளுக்கு நன்றி என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். ஃபிட்ஜெரால்ட் 1883-இல் இறந்து, அவர் கடிதங்கள் 1889-இல் அச்சானபோது அந்த வரியும் அப்படியே வந்துவிட்டது. 77 வயது ராபர்ட் அதைப் படித்துக் கொதித்துப்போய், செத்த மனிதரைக் காறித் துப்புகிற மாதிரி ஒரு கவிதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதே வருடம் டிசம்பரில் வெனிஸில் இறந்தார்.

அசல் கடிதங்கள் இப்போது எங்கே?

1913 ஏலத்தில் 6,550 பவுனுக்குப் போயின. 1930-இல் அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரிக்கு நன்கொடையாக வந்தன. 2012 முதல், டெக்சாஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள், உறைகளோடு. விம்போல் தெரு வீட்டின் வாசல்கதவும் வெல்லெஸ்லியில்தான் இருக்கிறது, அந்தத் தபால் துவாரத்தில் மாணவிகள் காதலர் தினக் கடிதம் போடுவது வழக்கம்.

காதல் கடிதம் வேண்டாம், இரண்டு கவிஞர்கள் கவிதைக்காகவே அடித்துக்கொண்ட கடிதம் உண்டா?

உண்டு, ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு எழுதியவை. உண்மையைச் சொன்னால் எனக்கு இவைதான் மேலே. ஆக்ஸ்போர்டில் ஒன்றாகப் படித்தவர்கள், ஹாப்கின்ஸ் இயேசு சபைத் துறவியானார், பிரிட்ஜஸ் மருத்துவர், பின்னாளில் அரசவைக் கவிஞர். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாண்ட்' கப்பல் மூழ்கி ஐந்து கன்னியாஸ்திரீகள் இறந்ததை வைத்து ஹாப்கின்ஸ் ஒரு நீண்ட கவிதை எழுதினார். சபையின் சொந்தப் பத்திரிகையே போட மறுத்துவிட்டது. பிரிட்ஜஸ், எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதை மறுபடி படிக்க மாட்டேன் என்றார். ஹாப்கின்ஸின் பதில்: தயவுசெய்து படி, பணத்தைத் தவிர அன்பு என்று ஒன்றும் இருக்கிறதே.

தன் புதிய சந்தத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் விளக்கியதும் அதே கடிதத்தில்தான்: பேச்சின் இயல்பான ஓட்டத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்று. பாடப்புத்தகம் சொல்வதைவிட அங்கே சுலபமாகப் புரியும். இன்னொன்றில், அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் மனம் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஆனால் அவர் பெரிய அயோக்கியர் என்பதால் இதை ஒப்புக்கொள்வது சந்தோஷமாக இல்லை என்கிறார். ராபர்ட் பிரௌனிங்கையும் விடவில்லை. வாய் நிறைய ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பாட்டு மேசையிலிருந்து துள்ளி எழுந்து கத்தும் ஆள் மாதிரி பேசுகிறார் என்று இன்னொரு நண்பர் டிக்சனுக்கு எழுதினார்.

ஆனால் பிரிட்ஜஸ் எழுதிய பதில்கள் நமக்கு இல்லை. 1889-இல் ஹாப்கின்ஸ் இறந்ததும் தன் கடிதங்களைத் திருப்பி வாங்கி அழித்துவிட்டார். அதனால் அந்தத் திட்டுகளை எல்லாம் ஹாப்கின்ஸின் மறுமொழியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதே பிரிட்ஜஸ்தான் நண்பனின் கவிதைகளைப் பாதுகாத்து 1918-இல் 750 பிரதிகள் அச்சிட்டார், அவை விற்றுத் தீரப் பத்து வருடம் பிடித்தது. திட்டவும் செய்தார், காப்பாற்றவும் செய்தார்.

டென்னிசன், ஆர்னால்ட்?

டென்னிசன் நண்பன் ஆர்தர் ஹேலமுக்கு எழுதியவற்றை, 1833-இல் ஹேலம் இறந்ததும் அவர் தந்தை அழித்துவிட்டார். நண்பன் தனக்கு எழுதியதை இரவில் தனியே எடுத்துப் படிக்கும் பகுதி ஒன்று 'இன் மெமோரியம்' கவிதையில் இருக்கிறது, அந்தக் கவிதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மேத்யூ ஆர்னால்ட் தன் நண்பரான கவிஞர் க்ளஃபுக்கு எழுதியவை 1932-இல் புத்தகமாயின. நண்பனின் கவிதையை முகத்துக்கு நேரே குறை சொல்கிறவர் ஆர்னால்ட், பொறுமை இருந்தால் படிக்கலாம்.

ஆங்கிலம் ரொம்பக் கடினமாக இருக்குமா? தமிழில் சொல்வதானால் 'நீ'யா 'நீங்கள்'ஆ?

எலிசபெத் எளிது. பேச்சு மாதிரி போகும், நடுநடுவே இரண்டு புள்ளி வைத்து மூச்சு விடுவார், அது அவர் பழக்கம். ராபர்ட்டின் வாக்கியம்தான் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கும். தமிழில் சொல்லும்போது பெரிய தலைவலி அந்த 'யூ'தான். ஆரம்பத்தில் நீங்கள், சந்தேகமே இல்லை. "மிஸ் பாரெட்" போய் வீட்டார் கூப்பிடும் "பா" என்ற செல்லப்பெயர் வந்த பிறகு ராபர்ட்டை 'நீ' போட வைக்கலாம். எலிசபெத் திருப்பி 'நீ' என்பாரா? ஆறு வயது மூத்தவர், புகழிலும் மூத்தவர், ஆனாலும் என் காதுக்கு 'நீங்கள்' என்றுதான் கேட்கிறது. அது என் வளர்ப்பின் கோளாறாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை, எதைப் படிப்பது?

முதல் நான்கைந்து கடிதங்கள், பிறகு நாய்ச் சண்டை, பிறகு கடைசி வாரம். கடைசி வாரம் நல்ல வேடிக்கை. ஓடிப்போகத் திட்டம் போடும் ராபர்ட், ரயில் நேரத்தையும் கப்பல் நேரத்தையும் தப்புத் தப்பாகப் பார்த்து எழுதுகிறார், எலிசபெத் திருத்துகிறார். சாமான் குறைவாக இருக்கட்டும் என்று வேறு சொல்லியிருந்தார். அதற்கு எலிசபெத் செப்டம்பர் 18 இரவு, இதுதானா உங்களுக்கு என் கடைசிக் கடிதம் என்று கேட்டு எழுதியதில் பதில் இருக்கிறது. உங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், எடை கூடினால் கூடட்டும். விட்டுவிட்டு வரப் பார்த்தேன், முடியவில்லை. அதாவது அவை பின்னால் தங்க மாட்டேன் என்றன, என் தப்பில்லை, என்னைத் திட்டக் கூடாது.